பல் துலக்கச் சொல்லும் முன் எந்தத் தண்ணீரில் என்று கேளுங்கள்

பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் வரவைப்பது எப்படி என்று யாரிடம் கேட்டாலும் மூன்று பதில்தான் வரும். சுவரில் சார்ட் ஒட்டு, செய்தால் ஸ்டார் கொடு, 21 நாள் விடாமல் செய்ய வை. இந்த மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. கையிலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் போயிற்று, ஏறக்குறைய ஒரு பள்ளி வருடமும் போயிற்று, நாலு வீட்டில் கெட்ட பெயரும் வாங்கியாயிற்று. டியூஷன் எடுப்பவர்கள், விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், வீட்டில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு தினமும் தொண்டை கிழியக் கத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், பணத்தை எடுக்கும் முன் ஒருமுறை யோசிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது திருப்பூர். எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள். தேனி, திண்டுக்கல், சிவகங்கை பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். நான் பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தவள். கொரோனாவில் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது சம்பளம் பாதியானது, அப்புறம் அதுவும் நின்றது. வீட்டு முன் திண்ணையில் டியூஷன் ஆரம்பித்தேன். மாதம் 300 ரூபாய், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றரை வருடத்துக்கு மேல் வீட்டிலேயே கிடந்த பிள்ளைகள். அம்மா அப்பா ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரை, ஒன்பதுக்குத்தான் வருவார்கள். பகலெல்லாம் இவர்களை யாரும் எழுப்பவில்லை, சாப்பிடு என்று சொல்லவில்லை, உட்கார் என்று சொல்லவில்லை. நாற்பது நிமிடம் ஓரிடத்தில் உட்காருவதே அந்தப் பிள்ளைகளுக்கு மறந்துபோயிருந்தது.

முதலில் அம்மாக்கள்தான் கேட்டார்கள். "டீச்சரம்மா, பாடம் கிடக்கட்டும், காலையில எந்திரிச்சுப் பல்லு வெளக்கிக் குளிச்சிட்டுப் போற பழக்கத்த மட்டும் சொல்லிக் குடுத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." பள்ளியிலிருந்தும் புகார். அழுக்குச் சட்டை, வளர்ந்த நகம், வீட்டுப்பாடம் செய்தும் நோட்டைக் கொண்டுவரவில்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, முதல் மணி அடித்த பிறகு வருகிறான். எனக்கும் சரி என்று பட்டது. பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று இறங்கினேன். ஏமாந்தது அங்கேதான் தொடங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் இறங்கியிருப்பார்கள்.

சார்ட் வாங்கினேன். ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் ஒரு வரிசை. பல் துலக்குதல், குளியல், நகம், பை அடுக்குதல், நேரத்துக்குத் தூங்குதல். செய்தால் மினுமினுக்கும் ஸ்டார் ஸ்டிக்கர், மாதக் கடைசியில் அதிக ஸ்டாருக்கு ஜியோமெட்ரி பாக்ஸ், அடுத்த ஆளுக்குக் கலர் பென்சில். முதல் வாரம் திருவிழாதான். வாசலிலேயே ஆளாளுக்கு வாயைத் திறந்து பல்லைக் காட்டினார்கள். இரண்டு மூன்று வாரத்தில்தான் விஷயம் தெரிந்தது. ஒருத்தன் கடைவாயில் பேஸ்ட்டைத் தடவிக்கொண்டு வருகிறான், வாசனை வந்தால் போதுமே. ஒருத்தி தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வந்து குளித்துவிட்டேன் என்கிறாள். இன்னொருத்தன் தன் நோட்டில் தானே "நேற்று 9 மணிக்குத் தூங்கினான்" என்று அம்மா கையெழுத்தில் எழுதி வருகிறான். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ராத்திரி கணக்குப் பார்த்தபோது சிரிப்பும் போய்விட்டது. ஸ்டிக்கர், சார்ட், பரிசு என்று இரண்டாயிரத்துச் சொச்சம் செலவு, அதுவும் 300 ரூபாய் ஃபீஸ் வாங்கும் இடத்தில். பரிசு நிறுத்திய வாரமே சார்ட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு முன் தானாகவே பை அடுக்கிவந்த ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட, "இப்ப ஸ்டார் இல்லியே மிஸ்" என்று நிறுத்திக்கொண்டதுதான் மனசு விட்டுப்போகச் செய்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இதெல்லாம் பழைய சங்கதி. 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும், ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் இருந்த பாலர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரையப் பிரியப்படும் சின்னப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. "இதைச் செய்தால் இது" என்று விலை பேசினால் பிள்ளை அந்த விலையைத்தான் பார்க்கும். நீங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும், உங்கள் பர்ஸ்தான் முதலில் காலியாகும்.

அடுத்ததுதான் பெரிய அடி. ஒரு பயிற்சியாளர் வந்தார். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. மாணவர்களுக்கான 21 நாள் பழக்கப் பயிற்சி, தினமும் ஒரு மணி நேரம், கையேடு, சான்றிதழ், பெற்றோருக்குத் தனிக் கூட்டம், பிள்ளைக்கு 500 ரூபாய். அம்மாக்கள் என்னைவிட ஆர்வமாக இருந்தார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் என் கையில்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள், நான் மொத்தமாக அவருக்குக் கட்டினேன். பதினாறு பிள்ளைகள், 8,000 ரூபாய். முதல் நாள் அவர் வந்தார். பாட்டு, கைதட்டல், "என்னால் முடியும்" என்று பிள்ளைகளைக் கத்த வைத்தார், ஜெராக்ஸ் போட்ட ஒரு கையேடு கொடுத்தார். இரண்டாம் நாள் அவருக்குப் பதில் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் ஆடியோ மட்டும். அந்த ஆடியோவைக் கேட்கப் பகலில் அந்த வீடுகளில் போன் எங்கே இருக்கிறது? அப்பா பாக்கெட்டில், கம்பெனியில். பிறகு அழைத்தால் எடுக்கவே இல்லை. சான்றிதழ் மட்டும் பி.டி.எஃப். ஆக வந்தது.

காசு வாங்கியது அவர், கேள்வி வந்தது எனக்கு. "டீச்சர் கமிஷன் வாங்கிட்டாங்க" என்று ஒரு வீட்டில் பேசியது என் காதுக்கே வந்தது. இரண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னால் உனக்கெதற்கு இந்த வேலை என்பார், சொல்லவில்லை. சீட்டுப் பணம் எடுத்து எட்டாயிரத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுக்கும்போது சில அம்மாக்கள் வேண்டாம் என்றார்கள், சிலர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசையும். இதை யாரிடமும் சொல்லி அழக்கூட முடியவில்லை என்பதுதான் பணத்தைவிடப் பெரிய கஷ்டம்.

அதனால் யாராவது இப்படி வந்தால் சில விஷயங்களைப் பாருங்கள். பணத்தை உங்கள் கையால் வாங்கிக் கட்டாதீர்கள். பெற்றோர் நேராகக் கட்டட்டும், ரசீது அவர்கள் பெயரில் இருக்கட்டும். மொத்தமும் முன்பணமாகக் கேட்டால் வாரவாரம் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், நிற்பவர் நிற்பார், போகிறவர் போவார். தினமும் யார் வருவார் என்று பெயரோடு கேளுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடுகளை ஒருமுறை வந்து பார்ப்பீர்களா என்று கேளுங்கள், இது ரொம்ப முக்கியம். வீட்டைப் பார்க்காமல் பழக்கம் சொல்லித்தருகிறேன் என்பவரிடம் எனக்கு இனி நம்பிக்கை இல்லை. அப்புறம் அந்த 21 நாள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆளாளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு சேர்த்துச் செய்யச் சொன்னார்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது மாதிரி. அது யோசிக்காமலே வருமளவுக்குப் படிய சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற கணக்கு வந்தது. நடுவாக எடுத்தால் 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்றும் பார்த்திருக்கிறார்கள். இதுவும் வளர்ந்தவர்களை வைத்துச் செய்ததுதான், எட்டு வயதுப் பிள்ளைக்கு எத்தனை நாள் என்று ஒருவரும் எனக்கு எழுதித்தர முடியாது. 21 என்று அடித்துச் சொல்கிறவர் விற்க வந்தவர்.

இந்த ரகளை அடங்கிய பிறகு ஒரு நாள் காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் இருக்கும் அந்த லைன் வீட்டு காம்பவுண்டுக்குப் போனேன். சாயங்காலம் பார்த்த இடமாகவே இல்லை. எதிரெதிராகப் பத்துப் பன்னிரண்டு வீடு, அத்தனைக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், இரண்டு பாத்ரூம். வாளியை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் நிற்கிறார்கள். எட்டரை மணிக்கு கம்பெனியில் இருக்க வேண்டியவர்கள்தான் முதலில் குளிப்பார்கள், அது நியாயம்தானே. பிள்ளைகள் முறை வரும்போது மணி எட்டரை தாண்டிவிடும். பிறகு என்ன குளிப்பது? மூஞ்சியைக் கழுவிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இந்தப் பிள்ளைகளைத்தான் நான் சார்ட்டில் "குளியல் ✗" என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

பல் விஷயமும் அப்படித்தான். தொட்டியில் வருவது போர் தண்ணீர், கடும் உப்பு. மாநகராட்சிக் குடிநீர் பல நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதை டிரம்மில் பிடித்து மூடி வைத்திருப்பார்கள். சமைக்கவும் குடிக்கவும் மட்டும். அதில் பிள்ளை கை வைத்தால் அடி விழும். ஒரு பையனிடம் ஏன் கண்ணு பல் துலக்க மாட்டேன் என்கிறாய் என்று அங்கே வைத்தே கேட்டேன். "அந்தத் தண்ணில வாய் கொப்புளிச்சா வாந்தி வருது மிஸ்." நானே ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துப் பார்த்தேன். அவன் சொன்னது பொய்யில்லை. அதோடு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரே ஒரு சின்ன பிரஷ், முடி எல்லாம் விரிந்து கிடக்கிறது, பெரியவன் துலக்கி முடித்தால்தான் அடுத்தவனுக்கு. பழக்கமில்லை, சோம்பேறி, சொன்னால் கேட்பதில்லை என்று நாம் பேர் வைக்கிற பாதி விஷயத்துக்குப் பின்னால் இப்படி ஒரு தண்ணீர், ஒரு பிரஷ், ஒரு வரிசை இருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பழக்கத்தைப் பற்றியும் பிள்ளையிடம் "ஏன் செய்யவில்லை" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "செய்யப் போகும்போது எங்கே நிற்கிறது?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள்.

குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். பள்ளி விட்டு வந்ததும் நாலரையிலிருந்து ஐந்தரை வரை பாத்ரூம் காலியாகத்தான் கிடக்கும். குளித்துவிட்டு ஐந்தே முக்காலுக்கு டியூஷன். ஒரு பாட்டிக்கு மட்டும் காலையில் குளிக்காமல் பள்ளிக்கூடம் போவதா என்று மனத்தாங்கல், அவரும் போகப் போக விட்டுவிட்டார். வேர்வையும் மண்ணுமாக வரும் பிள்ளை குளித்துவிட்டுப் படுத்தால் நன்றாகத் தூங்குகிறது என்பது போனஸ். பல்லுக்கு, ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்று அம்மாக்களிடம் அந்த ஒன்றை மட்டும் கேட்டேன். பிரஷ் பிள்ளைக்கு ஒன்றாக, மொத்தமாக வாங்கினால் பத்துப் பதினைந்து ரூபாய்தான், நான் வாங்கிக் கொடுத்தேன். ஆளாளுக்கு ஒரு கலர் நூலைக் காம்பில் கட்டினோம். மூன்று மாதம் போனால் அல்லது முடி விரிந்துவிட்டால் மாற்ற வேண்டும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒருமுறை துலக்குவதுதான் பூச்சிப்பல்லுக்கு முக்கியம் என்று பல் டாக்டர்கள் சொல்வார்கள், ராத்திரி பாத்ரூம் வரிசையும் கிடையாது. ஆகவே இரவை முதலில் பிடித்தோம், காலை தன்னால் ஒட்டிக்கொண்டது. சில பிள்ளைகளுக்கு இன்னும் ஒட்டவில்லை.

தண்ணீர் குடிப்பதைச் சொல்ல வேண்டும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய் அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்கள். தலைவலி, நீர்க்கடுப்பு என்று ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனார்கள். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று எத்தனை தடவை சொன்னாலும் குடிக்கமாட்டார்கள், ஏனென்றால் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அங்கே தாழ்ப்பாள் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொன்னோம். அரசுப் பள்ளிகளில் இந்தக் குழு இருக்கிறது, உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே உள்ளது, பலருக்கு இது தெரியாது. தாழ்ப்பாள் வர நாளாயிற்று, ஆனால் வந்தது. கேரளத்தில் 2019இலேயே சில பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்று மணி அடிக்க ஆரம்பித்தார்கள், 2025இல் நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அது வந்தது. நல்ல காரியம். தாழ்ப்பாள் இருக்கிற பள்ளியில் அந்த மணிக்கு அர்த்தம் இருக்கிறது.

டியூஷனுக்குள் நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு வரிசை. உள்ளே வந்ததும் செருப்பை ஜோடியாக விடு, வாசல் குழாயில் கைகால் கழுவு, ஒரு டம்ளர் தண்ணீர் குடி, பாயில் உட்கார். போகும்போது ஒன்று. நாளைய டைம்டேபிளைப் பார்த்துப் பையை அடுக்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். டைம்டேபிள் பையின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டியிருக்கும். காலையில் அடுக்கச் சொன்னபோது நடக்கவே நடக்காத விஷயம், டியூஷன் முடிவோடு சேர்த்துக் கட்டியதும் நடந்தது. அந்த லண்டன் ஆய்வில் சொன்னது மாதிரி, எப்படியும் நடக்கிற ஒன்றின் வாலில் புதியதைக் கட்ட வேண்டும். "தினமும் செய்" என்பது பிள்ளைக்கு விளங்காது. "புத்தகத்தை மூடியதும்" என்றால் விளங்கும். கை கழுவும்போது 20 வினாடி எண்ணச் சொன்னால் இருபதையும் மூச்சுவிடாமல் எண்ணி முடித்துவிடுவார்கள். மூன்றாம் வாய்ப்பாட்டைப் பத்து வரை நிதானமாகச் சொல்லச் சொன்னேன். கையும் சுத்தம், வாய்ப்பாடும் ஆயிற்று. ஒரே சமயத்தில் ஐந்து பழக்கம் ஆரம்பிக்காதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று படிந்து, நீங்கள் சொல்லாமலே நடக்க ஆரம்பித்த பிறகு அடுத்தது.

நகம், பேன் இரண்டையும் வரிசையில் நிற்க வைத்துப் பார்க்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் டியூஷனிலும் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படிப் பார்க்க ஆரம்பித்தார்கள், ஒரு நாலாம் வகுப்புப் பெண்பிள்ளை தலையில் பேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்கள். அது அடுத்த நாள் வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. அதன் அம்மா என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானே போய், என் மகளுக்கும் சின்ன வயதில் தலை நிறைய இருந்தது என்று சொல்லி, பேன் சீப்பும் லோஷனும் கொண்டுபோய் உட்கார்ந்து வாரிவிட்டேன். பேன் அழுக்கால் வருவதில்லை, தலையோடு தலை ஒட்டி ஒரே பாயில் படுக்கும் எந்த வீட்டிலும் வரும். வீட்டில் இருக்கிற எல்லோர் தலையையும் அன்றைக்கே பார்க்க வேண்டும், லோஷன் ஈரை முழுசாகக் கொல்லாது என்பதால் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் மறுபடி ஒருமுறை போட வேண்டும். இரண்டாவது தடவையை விட்டுவிட்டுத்தான் "எத்தனை போட்டும் போகவில்லை" என்கிறார்கள். இப்போது நகவெட்டி திண்ணை ஓரத்தில் ஒரு டப்பாவில் கிடக்கிறது, வேண்டியவர்கள் எடுத்து வெட்டிக்கொள்கிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

அதிகாலை எழுவது பற்றி நான் பேசியே அலுத்துப்போயிருந்தேன். அதை மாற்றியது நான் இல்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தார்கள் இல்லையா, ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு. பொங்கலும் கிச்சடியும் பள்ளியில் கிடைக்கிறது என்றதும், எட்டரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற சின்னதுகள் எட்டு மணிக்குப் பையோடு ஓடின. எழுந்தால் என்ன கிடைக்கும் என்பது அதுவரை அந்தப் பிள்ளைகளுக்குத் தெளிவாக இல்லை, அம்மா அப்பா கிளம்பிப் போன வீட்டில் ஆறிய சோறுதான். ஆறாம் வகுப்பு போனதும் சில பிள்ளைகள் பழையபடி தாமதமானதையும் பார்த்தேன். யாராவது என்னிடம் பிள்ளை எழமாட்டேன் என்கிறான் என்றால் காலையில் அவனுக்கு என்ன சாப்பாடு என்றுதான் முதலில் கேட்பேன்.

பெற்றோரிடம் பேசுவதில் ஒரு நேரம் காலம் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு நின்றபடி பன்னிரண்டு மணி நேரம் பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்துவிட்டு வந்த அம்மாவிடம் உங்கள் பிள்ளைக்கு ஒழுக்கம் போதாது என்று சொன்னால், அந்த ராத்திரி பிள்ளைக்கு அடிதான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல், கறி எடுத்து அடுப்பில் ஏற்றிய பிறகு போய் உட்காருவேன். ஒரு வீட்டில் ஒரு விஷயம்தான் பேசுவேன். டம்ளர் தண்ணீர் என்றால் அது மட்டும். இரண்டு சொன்னால் இரண்டும் நடக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சொந்த ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வரும்போது எல்லாம் காற்றில் போயிருக்கும். முன்பெல்லாம் தலையில் அடித்துக்கொள்வேன். இப்போது வந்த அன்றைக்கு ஒன்றுமே கேட்பதில்லை, செருப்பு, கைகால், டம்ளர், பாய், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மற்றது திரும்பிவிடுகிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது தூக்கமும் போனும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும், பதின்ம வயதில் எட்டு மணி நேரமாவது என்பது டாக்டர்கள் சொல்கிற கணக்கு. இங்கே அப்பா போனே வீட்டுக்கு வருவது ஒன்பது மணிக்கு. பகலெல்லாம் காத்துக்கிடந்த பிள்ளைகளுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. பத்துக்குப் பத்து அறையில் ஒருத்தர் வீடியோ பார்த்தால் எல்லோரும் விழித்திருப்பார்கள். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இயல்பாகவே அந்த வயதில் தூக்கம் தள்ளித்தான் வரும், அது வேறு. பிள்ளைகளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று நேராக அப்பாக்களிடம் போனேன். நாலு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் மட்டும் பத்தரைக்குச் சார்ஜரோடு போனைப் பீரோ மேல் வைத்துவிடச் சம்மதித்தார்கள், அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரை. அதில் ஒருவர், "எனக்கும் அது ஒண்ணுதான் டீச்சர் பொழுதுபோக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். நியாயமான பேச்சு. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இப்போது காலையில் தாமாக எழுகிறார்கள். சனிக்கிழமை சம்பள நாள், ராத்திரி புரோட்டா, படம், பன்னிரண்டு மணிவரை கூத்து. அதை நான் கேட்பதே இல்லை.